மூன்று நிற வயரும் பழைய பெட்டியும்

எம்மவரின் இடப்பெயர்வு வரலாற்றை எழுதுவோர் விமானப் பயணங்களையும், அகதி விண்ணப்பங்களையும், தொழிற்சாலைகளில் கழிந்த இரவு வேலைகளையும் எழுதுகின்றனர். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால், எமது வரவேற்பறைகளில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. உறவினரின் திருமணங்களும், பூப்புனித நீராட்டு விழாக்களும், ஊரில் நடந்த இறுதிக் கிரியைகளும் அந்தப் பின்புறத்தின் வழியாகவே எமது வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. அங்கே ஒரு வயர் இடம்மாறினால், ஒரு குடும்பத்தின் துயரமோ மகிழ்ச்சியோ வாசலிலேயே நின்றுவிடும்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியோடு முதன்முதலாக ஒரு டிவிடி கருவியை இணைத்த காலத்தை இங்கு நினைவுகூருகின்றோம். இது வெறும் வயர் விடயந்தானே என்று வாசகர் எண்ணக்கூடும். வீட்டில் எவர் எவரை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதையும் அந்த வயரே தீர்மானித்தது என்பதாலேயே இதை எழுத முற்பட்டோம்.

டெக்கிலிருந்து இறுவட்டுக்கு

1980களில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் தொலைக்காட்சியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மின்சாரம் இல்லாத இடமாயின் ஜெனரேற்றரும் சேர்த்து, முற்றத்திற் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்ததை எம் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். வயர்களைப் பொருத்துவது டெக்கோடு வந்த பையனின் வேலை. இடையிற் படம் நின்றுவிட்டால், மூலையிற் படுத்திருக்கும் அவனை எழுப்புவோம். பார்ப்பது எங்கள் தொழில். பொருத்துவது அவனது தொழில். பின்னர் 1990இல் குடாநாட்டுக்கான மின்சாரமே நின்றுபோனபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலமும் வந்து போயிற்று.

கனடாவுக்கு வந்த பின்னர் அந்தப் பையனின் இடத்தை வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். பாடசாலையில் ஆங்கிலம் கற்ற பிள்ளை கருவியின் கைந்நூலை வாசித்தது, பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தனர். நாடு மாறியது, ஏற்பாடு மாறவில்லை.

டிவிடி கருவி 1996 நவம்பரில் யப்பானிலும், 1997 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவிலும், 1998இல் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்க, 2000ஆம் ஆண்டை அடுத்து அது எம்மவரின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. 12 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு தட்டு. ஒரு படலத்தில் 4.7 கிகாபைற் கொள்ளளவு. டெக்கில் நாடா ஓடும்போது காந்தத் தலை அதனை உராய்ந்து செல்லும். பார்க்கப் பார்க்க நாடா தேயும். இறுவட்டைத் தொடுவதோ லேசர் ஒளி மாத்திரமே. படம் முடிந்தபின் நாடாவைத் திருப்பிச் சுற்ற வேண்டிய தொல்லையும் இல்லை.

கருவி புதியது, தொலைக்காட்சிப் பெட்டியோ பழையது. முதல் வாடகை வீட்டுக்கு வந்தபோது யாரோ கொடுத்ததாகவோ, பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கியதாகவோ இருக்கும். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய கண்ணாடிக் குழாய்ப் பெட்டி அது. நன்றாக வேலை செய்யும் பெட்டியை எறிவதற்கு எம்மவரின் மனம் இடங்கொடுக்காது. ஆகவே புதியதைப் பழையதோடு இணைத்தாக வேண்டியிருந்தது.

கிணறும் வாய்க்காலும் பாத்தியும்

டிவிடி கருவியோடு ஒரு வயர்க்கட்டு வரும். அதில் மூன்று நிற முனைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. படமும் ஒலியும் வெவ்வேறு வழியாற் செல்கின்றன என்பதை விளங்கிக்கொண்டாற் பாதி வேலை முடிந்தது. ஒலி வருகின்றது, படம் வரவில்லை என்றால் மஞ்சளைப் பார்க்க வேண்டும். படம் வருகின்றது, ஒலி இல்லை என்றால் வெள்ளையையும் சிவப்பையும் பார்க்க வேண்டும்.

மீதிப் பாதியை எமது தோட்டங்களிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். கிணற்றில் இறைத்த நீர் வாய்க்கால் வழியே பாத்திக்கு ஓடும். பாத்தியிலிருந்து கிணற்றுக்கு ஓடாது. டிவிடி கருவி கிணறு, வயர் வாய்க்கால், தொலைக்காட்சி பாத்தி. கருவியின் பின்புறத்தில் ‘அவுட்’ என எழுதப்பட்டிருப்பது கொடுக்கும் வாய். தொலைக்காட்சியில் ‘இன்’ என எழுதப்பட்டிருப்பது வாங்கும் வாய். சில தொலைக்காட்சிகளில் இரண்டுமே உண்டு; கொடுக்கும் வாயோடு கொடுக்கும் வாயைப் பொருத்தினால் அங்கே எதுவும் ஓடாது.

இன்னொன்றும் உண்டு. வாய்க்காலில் நீர் வந்தாற் போதாது. எந்தப் பாத்திக்கு வரம்பைத் திறப்பது என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். தொலைக்காட்சியின் ரிமோட்டில் உள்ள ‘இன்புட்’ அல்லது ‘வீடியோ’ என்னும் பொத்தானின் வேலை அதுவே. வயர்கள் யாவும் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தும், அந்தப் பொத்தான் அமர்த்தப்படாமையால் நீலத்திரையையே பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் பல.

பெட்டி மேலும் பழையதாயின் மூன்று நிறத் துளைகள் இரா. கேபிள் வயரைத் திருகிப் பொருத்தும் ஒரேயொரு அன்ரனா வாய் மாத்திரம் இருக்கும். அதற்கு மொடியூலேற்றர் என்ற சிறு பெட்டி தேவைப்பட்டது. அது மஞ்சள், வெள்ளை, சிவப்பில் வருவதை வாங்கி, ஒரு சிறு தொலைக்காட்சி நிலையம்போல அதனை 3ஆம் அல்லது 4ஆம் சனலாக மாற்றி அன்ரனா வாய்க்குள் அனுப்பும். பெட்டியின் பின்னால் உள்ள சிறு ஆளி எந்த இலக்கத்தில் நிற்கின்றதோ அந்தச் சனலையே தொலைக்காட்சியிலும் வைக்க வேண்டும். அதனிலும் பழைய பெட்டிகளில் இரண்டு திருகாணிகள் மட்டுமே இருந்தன. அவற்றுக்கு 75 ஓம் வயரை 300 ஓம் முனைகளுக்குப் பொருத்தமாக்கும் இன்னுமொரு சிறு இணைப்பு வேண்டும். எவ்வளவு பழைய பெட்டியாயினும் வழி இருக்கவே செய்தது. வழியை அறிந்தவர்தாம் குறைவு.

ஐரோப்பாவில் இருந்த எம்மவருக்கு இத்தொல்லை சற்றுக் குறைவு. 1970களின் பிற்பகுதியிற் பிரான்சில் வகுக்கப்பட்ட ஸ்கார்ட் என்ற 21 முனை இணைப்பு அங்குள்ள பெரும்பாலான பெட்டிகளில் இருந்தது. படமும் ஒலியும் ஒரே முனையாற் சென்றன.

மங்கி மங்கி ஒளிர்ந்த படம்

மொடியூலேற்றருக்குப் பணம் கொடுப்பானேன், டெக்தான் ஏற்கெனவே அன்ரனா வாயோடு இணைந்திருக்கின்றதே. டிவிடியை டெக்கோடு பொருத்தினால் என்ன என்று பலர் எண்ணினர். எண்ணத்திற் பிழையில்லை, படமும் வந்தது. ஆனால், சிறிது நேரத்திற் படம் மங்கும், பின்னர் கண்கூசும்படி ஒளிரும், மீண்டும் மங்கும். கருவி பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களும், தொலைக்காட்சியின் ஆயுள் முடிந்துவிட்டதென்று முடிவுகட்டியவர்களும் உண்டு.

உண்மையில் எதுவுமே பழுதடைந்திருக்கவில்லை. திரைப்பட நிறுவனங்கள் தமது படங்களை நாடாவிற் பிரதிபண்ணுவதைத் தடுக்க மக்ரோவிஷன் என்ற முறையைக் கையாண்டன. அந்த முறை சேர்க்கப்பட்ட இறுவட்டை ஓடவிடும்போது, கருவி படத்தின் கண்ணுக்குத் தெரியாத பகுதியில் பொய்யான துடிப்புகளைக் கலந்து அனுப்பும். ஒளியின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் அமைப்பு டெக்கில் உண்டு. அது ஏமாந்துபோய், படத்தை மங்கவும் ஒளிரவும் செய்யும். நேராக இணைத்தால் தொலைக்காட்சி ஏமாறுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. உறவினர் வீட்டுத் திருமணத்தைப் பதிந்த இறுவட்டில் இந்தத் தடை இல்லை. அதனால் அது டெக்கினூடாகவும் தெளிவாக ஓடிற்று. கடையில் வாங்கிய ஆங்கிலப் படமோ மங்கி மங்கி ஒளிர்ந்தது. கல்யாண வீடு வடிவாகத் தெரிகின்றது, காசு கொடுத்து வாங்கிய படம் மட்டும் ஏன் இப்படி என்று குழம்பியவர்களுக்கு விடை இதுவே.

தேசத்துக்கொரு முறை

சிதறி வாழும் சமூகத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் தொலைக்காட்சி முறைகளில் இருந்தது. கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் பின்பற்றியது என்.ரி.எஸ்.சி. முறை, 525 கோடுகள், செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்கள். இலங்கையும் இந்தியாவும் பிரித்தானியாவும் ஜேர்மனியும் அவுஸ்திரேலியாவும் பின்பற்றியது பால் முறை. 625 கோடுகள், செக்கனுக்கு 25 படங்கள். (பசும்பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) பிரான்ஸ் செக்காம் என்ற மூன்றாவது முறையை வைத்திருந்தது. வீடியோ நாடாக் காலத்திலிருந்தே ஊரிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவுக்கு வந்த நாடாக்களைக் கடையிற் கொடுத்து முறைமாற்றிய பின்னரே பார்க்க முடிந்தது.

டிவிடி வந்ததும் இது தீர்ந்துவிடும் எனப் பலர் நம்பினர், தீரவில்லை. இறுவட்டின் வடிவம் உலகெங்கும் ஒன்றாயினும் அதனுள் பதியப்பட்ட முறை வேறுபட்டது. வட அமெரிக்காவில் விற்கப்பட்ட பேர்போன கருவிகள் பல பால் முறை இறுவட்டைப் பழைய கனேடியப் பெட்டியிற் காட்டமாட்டா. படம் மேலும் கீழுமாக உருளும்; அல்லது நிறமிழந்து கறுப்பு வெள்ளையாகும். விலை குறைந்த கருவிகள் சிலவோ முறையைத் தாமே மாற்றிக் காட்டின. ஐரோப்பாவிற் பெரும்பாலான கருவிகள் இரு முறைகளையும் ஏற்றுக்கொண்டன. ஆகவே ரொறன்ரோவிலிருந்து இலண்டனுக்குப் போன கல்யாணம் பெரும்பாலும் சிக்கலின்றி ஓடிற்று. இலண்டனிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த கல்யாணம் உருண்டது!

இதற்கு மேலாக, திரைப்பட நிறுவனங்கள் உலகைப் பிராந்தியங்களாகப் பிரித்து இறுவட்டுகளுக்கு இலக்கமிட்டன. கனடா 1, மேற்கு ஐரோப்பா 2, மலேசியாவும் சிங்கப்பூரும் 3, அவுஸ்திரேலியா 4, இலங்கையும் இந்தியாவும் 5. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஐந்து இலக்கங்களிற் பிரிந்து வாழும் சமூகம் எம்முடையது. நல்லவேளையாக, வீட்டு விழாக்களைப் பதிந்த இறுவட்டுகளுக்குப் பிராந்திய இலக்கம் கிடையாது. அவற்றுக்குப் பார்க்க வேண்டியது முறை ஒன்றே.

கடைசியாக ஒரு சிறு விடயம். திரையில் மணமக்கள் கொக்குப்போல நெடுத்து ஒடுங்கித் தெரிந்தால், கருவி அகலத் திரைக்கென அமைக்கப்பட்டிருக்கின்றது என்பது பொருள். கருவியின் அமைப்புப் பட்டியலில் 16:9 என்பதை 4:3 என மாற்றினால் எல்லோரும் தத்தமது உருவத்துக்குத் திரும்புவர்.

தனிமையிற் பார்க்க வேண்டிய படம்

2004ஆம் ஆண்டளவில், ஸ்காபரோவில் நாம் குடியிருந்த தொடர்மாடியில் எழுபது வயது கடந்த தாயார் ஒருவர் மகனின் குடும்பத்தோடு வாழ்ந்தார். பகலில் மகனும் மருமகளும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றுவிட, அவர் தனியே இருப்பார். ஊரில் அவரது தமையனார் காலமானார். குடிவரவு விண்ணப்பம் முடிவாகாதிருந்தமையாற் பயணஞ்செய்ய அவரால் இயலவில்லை. இறுதிக் கிரியைகளைப் பதிந்து உறவினர் அனுப்பிய இறுவட்டு சில வாரங்கள் கழித்துத் தபாலில் வந்தது. அதுவும் பால் முறையே, படம் உருண்டது. கடையிற் கொடுத்து மாற்றி, ஒரு சனிக்கிழமை இரவு குடும்பமாக இருந்து பார்த்தனர். தாயார் அசையாமல் இருந்து பார்த்தாராம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம்.

திங்கட்கிழமை முற்பகலில் அவர் எமது கதவைத் தட்டினார்.

“மாஸ்ரர், உந்தப் பெட்டியைப் போடுறது எப்பிடியெண்டு எனக்கு ஒருக்காக் காட்டித் தாங்கோ. பிள்ளையள் இருக்கேக்க அழ ஏலாது. பேரப்பிள்ளையள் பயந்துபோவினம்.”

நாம் சென்று பார்த்தோம். வயர்கள் யாவும் சரியாகவே இருந்தன; அன்ரனா வாய் மாத்திரமுள்ள பழைய பெட்டி, மொடியூலேற்றர், டிவிடி. எமது கையாற் போட்டுக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. ஆயினும் நாளை மறுபடியும் அவர் இன்னொருவரின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். நாட்காட்டித் தாளொன்றின் பின்புறத்திற் பெரிய எழுத்தில் ஐந்து வரிகள் எழுதினோம்: ஒன்று, தொலைக்காட்சியைப் போடவும். இரண்டு, 3ஆம் சனல். மூன்று, டிவிடியைப் போடவும். நான்கு, தட்டைத் திறந்து பளபளக்கும் பக்கம் கீழே இருக்க வைக்கவும். ஐந்து, தட்டை மூடி முக்கோணப் பொத்தானை அமர்த்தவும். அமர்த்த வேண்டிய பொத்தான்களின் அருகில் வெள்ளைப் பிளாஸ்ரர் துண்டுகளை ஒட்டி அதே இலக்கங்களை இட்டோம். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். அவர் மூன்று தடவை தாமே செய்து பார்த்தார். மூன்றாம் தடவை தாளைப் பார்க்கவில்லை.

தமையனாரின் முற்றம் திரையில் வந்ததும் நாம் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினோம்.

சில காலம் ஆசிரியப் பணியிலிருந்த எமக்கு இது புதிய பாடமன்று. மாணவனின் கையிலுள்ள சோக்கட்டியைப் பறித்துக் கணக்கைச் செய்து காட்டும் ஆசிரியர் கணக்கை முடிப்பார். மாணவனுக்குக் கணக்கு வராது. எமது வீடுகளிற் பிள்ளைகள் அன்போடுதான் வந்து வயரைப் பொருத்திவிட்டுப் போகின்றனர். “நீங்கள் தொடாதேங்கோ அம்மா, நான் வந்து போட்டுத் தாறன்” என்ற சொல்லில் பாசம் இருக்கின்றது. ஆனால், பிள்ளை வரும்வரை அந்தத் தாய் காத்திருக்க வேண்டும். பிள்ளை இருக்கும்போது மட்டுமே பார்க்க வேண்டும். அழுவதானாலும் பிள்ளையின் முன்னிலையிலேயே அழ வேண்டும். முதுமையில் மனிதருக்கு உணவும் மருந்தும் போலவே, தமது துக்கத்தோடு தனித்திருக்கும் உரிமையும் வேண்டும்.

பழைய பெட்டி போனபின்

கனடாவின் பெருநகரங்களிற் பழைய முறை ஒளிபரப்பு 2011 ஆகஸ்ட் 31உடன் நிறுத்தப்பட்டது. கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள் பெரும்பாலும் குப்பைக்குப் போயின. ஆயினும் சில முதியோரின் அறைகளில் அவை இன்னும் உள்ளன. ஒளிபரப்பு நின்றுவிட்டதால் அவை பயனற்றுப் போகவில்லை; டிவிடிக்கு ஒளிபரப்புத் தேவையில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது: மின்சாரத்தைக் கழற்றிய பின்னரும் அவ்வகைப் பெட்டியினுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். எக்காரணங்கொண்டும் அதன் பின்மூடியைத் திறக்கலாகாது.

இன்று சிக்கல் தலைகீழாகியுள்ளது. தொலைக்காட்சி புதியது, டிவிடி கருவி பழையது. புதிய பெட்டிகள் பலவற்றில் மூன்று நிறத் துளைகள் இல்லை, எச்.டி.எம்.ஐ. வாய் மட்டுமே உண்டு. மூன்று நிறத்தை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சிறு பெட்டிகள் விற்பனைக்கு உள்ளன. அதே உருவத்தில், எச்.டி.எம்.ஐ.யை மூன்று நிறமாக மாற்றும் பெட்டிகளும் உள்ளன. கிணறு எது, பாத்தி எது என்பதை நினைவில் வைத்திருப்பவர் தவறானதை வாங்கமாட்டார்.

இறுவட்டுகளின் ஆயுளையும் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையில் அச்சிட்ட திரைப்பட இறுவட்டைப் போன்றதன்று வீட்டு விழாவைப் பதிந்த இறுவட்டு. அதில் இருப்பது ஒருவகைச் சாயம். வெப்பமும் வெயிலும் அதனைக் கெடுக்கும். யன்னலோரத்தில் அடுக்கிவைத்த இறுவட்டுகள் ஒருநாள் ஓட மறுக்கும். நாடாக்களின் நிலை இதனினும் மோசம். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமும் 2016 யூலையில் அத்தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடக்கூடிய கருவி கையில் இருக்கும்போதே அவற்றைக் கணினிக்கு மாற்றி, ஒரு பிரதி எம்மிடமும் மற்றொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் இருக்கச் செய்வது நல்லது. அந்தப் படங்களிலுள்ள வீடுகளிற் பல இன்று இல்லை. அந்த முற்றங்களில் நின்றவர்களிற் பலரும் இல்லை.

இளையோரிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. இந்த வார இறுதியில் அம்மாவையோ அம்மம்மாவையோ தொலைக்காட்சியின் முன்னால் இருத்துங்கள். படிகளைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பொத்தான்களுக்கு இலக்கமிடுங்கள். பின்னர் உங்கள் கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் பிழையான பொத்தானை அமர்த்தினாலும் பறிக்காதீர்கள். மூன்று தடவை செய்தாற் போதும்.